அகத்தியரின் ஆகார நியமம்

திருநெல்வேலிச் சீமையில், தாமிரபருணிக் கரையை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்த எங்கள் தலைமுறைச் சிறுவர்களுக்கு ஓணானைப் பற்றி இருந்த அபிப்பிராயம் மிகவும் தாழ்ந்தது. ஸ்ரீராமபிரான் தாகத்தால் வருந்தியபோது அணில் இளநீர் கொண்டுவந்து கொடுத்தது என்றும், ஓணானோ சொல்லத்தகாத வேறொன்றைக் கொடுத்தது என்றும் பெரியவர்கள் சொல்லிவைத்த கதையை வேதவாக்காக நம்பி, முதுகில் மூன்று கோடு உள்ள பிராணிக்குப் பரிவு காட்டுவதும், வேலிமேல் அமர்ந்து தலையை ஆட்டும் பிராணியைக் கல்லெறிந்து விரட்டுவதும் தர்மமே என்று ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒருமனதாக எண்ணியிருந்தார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறதே குடைகிறதே என்று அழுதவனைப் பற்றிய பழமொழியும் எங்கள் நாட்டிலேதான் பிறந்தது. ஆகவே, என் அந்திமக் காலத்தில், கடல் கடந்த தேசத்தில், ஓணான் வர்க்கத்தைச் சேர்ந்த ஒரு ஜீவனுக்கு வேளை தவறாமல் ஆகாரம் இடும் உத்தியோகம் எனக்கு வாய்க்கும் என்று எந்த ஜோசியராவது சொல்லியிருந்தால், அவரைத் தட்சிணை கொடாமலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மெல்போர்ன் நகரத்தில் எஞ்சினீயராக இருக்கும் மகனுடைய வீட்டோடு நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்த சில காலத்துக்குப் பிறகு, ஒன்பது வயதுப் பேரன் வீட்டில் ஒரு பிராணி வளர்த்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் செய்யத் தொடங்கினான். நாய் என்றால் வாடகை வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை; பூனை என்றால் மருமகளுக்கு அதன் ரோமம் பட்டாலே தும்மல் வரும்; மீன் வளர்க்கலாமே என்று நான் சமாதானம் சொன்னதற்கு, "மீனைக் கையில எடுத்து வச்சுக்க முடியாதே, தாத்தா" என்று அவன் சொன்ன நியாயத்தை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. முடிவில், அவனுடைய பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் காட்டுவதற்காகக் கொண்டுவந்த தாடி ஓணான் ஒன்று அவன் தோளில் ஏறி அமர்ந்த அந்தக் கணத்திலேயே விஷயம் தீர்மானமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் சுதேசப் பிராணி ஆகையால், அதைக் காட்டிலிருந்து பிடித்து வருவது சட்ட விரோதம். கூண்டில் பிறந்த குஞ்சையே வாங்கவேண்டும், அதற்கும் விக்டோரியா மாநிலத்தின் 1975-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பிரகாரம் உரிமம் பெறவேண்டும். ஓணானை வைத்துக்கொள்ளச் சர்க்காரிடம் விண்ணப்பம் எழுதிய செய்தியை ஊருக்குக் கடிதத்தில் தெரிவித்தபோது, என் தம்பி அதை நான் விளையாட்டுக்குச் சொல்வதாகவே எடுத்துக்கொண்டான்.

வந்து சேர்ந்த குஞ்சு என் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான் இருந்தது. மணல் நிறம், முக்கோணத் தலை, விலாவின் இருபுறமும் வரிசையாக முட்கள், கழுத்தடியில் வேண்டும்போது உப்பவும் கறுக்கவும் செய்கிற தாடி. நம்முடைய தோட்டத்து ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது சாஸ்திரக்காரர்களின் கணக்கு. உருவத்தைப் பார்த்தவர்களுக்குச் சாஸ்திரம் தேவையில்லை. 1926-ஆம் வருஷத்தில் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானியப் பண்டிதர் இந்த இனத்தை முதன்முதலில் விவரித்து விஞ்ஞானப் பெயர் சூட்டினார். நான் சூட்டிய பெயர் வேறு. குறுகிய உருவமும் தாடியும் உடையதாய், தென்கோடிக்கு வந்து நிலைத்ததாய் இருக்கும் ஒரு ஜீவனுக்கு அகத்தியர் என்பதைவிடப் பொருத்தமான நாமம் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. பேரனுடைய நாக்கில் அது அகி என்று சுருங்கிப்போயிற்று. பொதிகை மலையைத் தினம் பார்த்து வளர்ந்தவன் என்ற உரிமையில் நான் மட்டும் கடைசிவரையில் முழுப் பெயரையே சொல்லி வந்தேன்.

இதற்கு எத்தனை வேளை ஆகாரம் கொடுப்பது என்பதுதான் முதல் நாளே எழுந்த கேள்வி. குஞ்சை விற்றவர் சொன்ன விதி சுலபமாகத்தான் இருந்தது. மூன்று நான்கு மாதம் ஆகும் வரையில் தினம் இரண்டு மூன்று தடவை உயிருள்ள பூச்சிகள். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அது தின்கிற அளவு. அதற்குமேல் எஞ்சியவற்றை எடுத்துவிடவேண்டும். பூச்சியின் பருமன் அதனுடைய இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தாண்டக்கூடாது. பொடியாக நறுக்கிய கீரையை ஒரு சிறு தட்டில் எப்போதும் வைத்திருக்கவேண்டும், அது தொடாவிட்டாலும் சரி. வளர்கிற உடம்புக்குப் புஷ்டி வேண்டும் என்பதால் பாலப் பருவத்தில் ஆகாரத்தின் முக்கால் பங்கு பூச்சியாகவும் கால் பங்கு இலையாகவும் இருக்கவேண்டும் என்றும், பெரிதான பிறகு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும் என்றும் அவர் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அன்று எங்கள் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூச்சி என்றால் பெரும்பாலும் சுவர்க்கோழி. பிராணிகளுக்கான கடைகளில் பிளாஸ்டிக் டப்பாக்களில், முட்டை அட்டைத் துண்டுகளின் இடுக்கில் ஒளிந்துகொண்டு, பருமன் வாரியாகத் தரம் பிரிக்கப்பட்டு அவை விற்பனைக்கு இருந்தன. அவற்றை அப்படியே வாங்கி அப்படியே போடுவது முறையல்ல என்பதும், முதலில் அவற்றுக்கே ஒரு நாள் காரட்டும் கீரையும் கொடுத்து வயிற்றை நிரப்பவேண்டும் என்பதும், பிறகு சுண்ணாம்புச் சத்துப் பொடியில் குலுக்கி எடுக்கவேண்டும் என்பதும் நாங்கள் படிப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தை. ஒரு காகிதப் பையில் பொடியைப் போட்டுப் பூச்சிகளையும் போட்டுக் குலுக்கினால், அவை உடம்பெங்கும் வெண்ணீறு பூசிய சிவனடியார்கள் போல வெளியே வரும்; அந்தக் கோலத்தில் அவை அகத்தியரின் வாய்க்குள் போவதைப் பார்க்கச் சைவனாகிய எனக்குச் சில நாள் சங்கடமாகவே இருந்தது. ஆனால் பொடி விளையாட்டான காரியமல்ல. பூச்சிகளின் உடம்பில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. அந்தக் குறையைப் பொடியால் சரிக்கட்டாவிட்டால், அல்லது புற ஊதா ஒளி தரும் விளக்கு கூண்டில் இல்லாவிட்டால், எலும்பு மெலிந்து, தாடை மிருதுவாகி, கால்கள் வளைந்து நடக்கமுடியாமல் போகும் வியாதி இந்த ஜாதிக்கு வரும். எத்தனை தடவை போடுகிறோம் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டு, போடுவதில் என்ன இருக்கிறது என்பதை மறந்தவர்கள் வளர்க்கும் குஞ்சுகளையே அந்த வியாதி பெரும்பாலும் பிடிக்கிறது என்று எங்கள் வைத்தியர் சொன்னார்.

எஞ்சிய பூச்சிகளை எடுத்துவிடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இரவில் ஓணான் உறங்கும்போது பசித்த சுவர்க்கோழி அதன் தோலைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். ஆகாரமாக வந்தது உண்பவனை உண்ணப் பார்க்கும் இந்த விபரீதத்தைத் தடுக்கும் பொருட்டு, மாலைதோறும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூண்டின் மூலைகளில் இடுக்கியால் சுவர்க்கோழி தேடுவது என் வேலையாயிற்று. தப்பிப்போன ஒன்றிரண்டு சமையலறை அலமாரிக்குப் பின்னால் குடியேறி, நடுநிசியில் நாதஸ்வரக் கச்சேரி தொடங்கிவிடும். மருமகளுக்கு அது தலைவலி. எனக்கோ, கண்ணை மூடிக்கொண்டால் ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் ஊர்த் திண்ணையில் படுத்திருக்கும் சுகம்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் இருந்த நாளில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த மனிதனோ மாடோ காக்கையோ வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. அவளுடைய சித்தாந்தத்தில், ஒரு ஜீவன் எதிரே வந்து நிமிர்ந்து பார்த்தால் அதற்குப் பசி என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. தாடி ஓணானோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எவர் வந்து நின்றாலும் தலையைச் சாய்த்து நிமிர்ந்து பார்க்கும் ஸ்வபாவம் உடையது. கூண்டுக்குள் கை நீட்டுவதென்றால் அவளுக்கு அருவருப்புத்தான். ஆனாலும் பேரனைக் கூப்பிட்டு, "ஏல, அது வாயப் பாத்துக்கிட்டு நிக்கி பாரு, ரெண்டு போடு" என்று சொல்லாத நாழிகை இல்லை. அவன், "ஆச்சி, இப்பத்தான் சாப்பிட்டுச்சு" என்பான். "சாப்பிட்டா என்ன, வளர்ற பிள்ளைதான?" என்பாள் அவள். அந்தக் காலம் அகத்தியரின் பாலப் பருவமாக அமைந்ததால், ஆச்சியின் சித்தாந்தமும் விற்றவரின் விதியும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் சில மாதங்கள் ஓடின. குஞ்சும் கண்ணெதிரே வளர்ந்தது. வாரந்தோறும் தோலுரித்துக்கொண்டு, புது உடம்போடு வந்து நின்றது.

வேளைக் கணக்கோடு பின்னிப் பிணைந்த மற்றொரு விஷயம் உஷ்ணம். வாதாபியை விழுங்கிவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டே ஜீரணித்த மகாமுனியின் பெயரைத் தாங்கியிருந்தும், நம்முடைய அகத்தியருக்கு அந்த சக்தி இல்லை. நம்மைப்போல் உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்ளாத ஜாதி அது. வெளியிலிருந்து சூடு வந்தால்தான் உள்ளே ஜடராக்கினி எரியும். ஆகவே கூண்டின் ஒரு கோடியில் விளக்கின் கீழ் ஒரு கல்லை வைத்து, அந்தக் கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்படியும், மறுகோடி 25 டிகிரி அளவில் குளிர்ந்திருக்கும்படியும் அமைத்திருந்தோம். காலையில் விளக்கேற்றியவுடன் அது கல்லின்மேல் ஏறித் தட்டையாகப் படுத்து, நிறம் கறுத்து, சூட்டை உறிஞ்சும். ஒன்றிரண்டு மணி நேரம் கழிந்தபின் நிறம் வெளுத்து, கண் பிரகாசமாகித் தலை நிமிரும். ஆகார வேளை அப்போதுதான். அதேபோல் மாலையில் விளக்கை அணைப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே கடைசி வேளை முடிந்துவிடவேண்டும். சூடில்லாத வயிற்றில் கிடக்கும் ஆகாரம் செரிக்காமல் கெட்டு, விஷமாகிவிடும். வேளைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் கையேடுகள் எல்லாம் இந்த உஷ்ணத்தை முதல் பக்கத்திலேயே எழுதவேண்டும் என்பது என் கட்சி. குளிர்ந்த கூண்டில் ஒரு வேளையே அதிகம். இந்த இனத்துக்கும் உஷ்ணத்துக்கும் உள்ள பந்தம் ஜீரணத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: முட்டைகள் 32 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் இருந்தால், பிறப்புக் கணக்கின்படி ஆணாக வேண்டிய குஞ்சுகளும் பெண்ணாகப் பிறந்துவிடுகின்றன, காட்டிலேயே இது நடக்கிறது என்பதைக் கான்பெரா பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் 2015-இல் எடுத்துக் காட்டினார்கள்.

நான்கு மாதம் கடந்தபின் பூச்சி வேளை இரண்டாயிற்று. அரை வருஷத்துக்குப் பிறகு ஒன்றாயிற்று. ஒரு வயது நிறைந்து உடம்பு முழு வளர்ச்சியை எட்டியபோது, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பூச்சி, மற்ற நாட்களில் காலையில் கீரை மட்டும் என்று வைத்தியர் ஏற்பாடு செய்தார். ஊர்வனவற்றின் வைத்தியத்தில் தனித் தேர்ச்சி பெற்ற அந்த அம்மையார் இளவயதினர். பேச்சில் நகைச்சுவையும் கண்டிப்பும் சமமாக இருக்கும். ஆச்சிக்கோ இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் வெறும் தழை என்றால் அது பட்டினியல்லவா? மகன் மொழிபெயர்த்துச் சொன்ன இந்தக் கேள்விக்கு வைத்தியர் அளித்த பதிலை நான் மறக்கவில்லை. இதே எடையுள்ள ஒரு பாலூட்டிக்கு வேண்டியதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்திதான் இதற்கு வேண்டும். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள இது உணவை எரிப்பதில்லை, விளக்கு அந்த வேலையைச் செய்கிறது. வளர்ச்சி நின்றபின் மிகுதியாகப் போடும் ஒவ்வொரு புழுவும் கொழுப்பாக மாறி ஈரலில் போய்த் தங்கும். தம்மிடம் வரும் தாடி ஓணான்களில் பட்டினியால் நலிந்தவற்றைவிடப் பிரியத்தால் நலிந்தவையே அதிகம் என்று சொல்லி முடித்தார்.

அந்த வாக்கியம் ஆச்சியின் மனத்தில் உடனே தைத்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. அதைத் தைத்தது வேறொரு காட்சி. பேரனுடைய சிநேகிதன் வீட்டில் எங்களுடையதைவிட மூத்த ஒரு தாடி ஓணான் இருந்தது. அந்த வீட்டார் நல்லவர்கள், தாராளமானவர்கள். கொழுத்த மாவுப்புழுக்களைத் தினம் கையாலேயே ஊட்டி வந்தார்கள். ஒருநாள் நாங்கள் போயிருந்தபோது அதைத் தரையில் விட்டார்கள். வயிறு தரையில் இழுபட, நாலு அடி எடுத்து வைப்பதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு அது நின்றுவிட்டது. கண்ணுக்கு மேலே இருபுறமும் கொழுப்புத் திரண்டு மேடிட்டிருந்தது. ஆச்சி அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தபின் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம பெரிய அண்ணாச்சி கடைசிக் காலத்துல இப்படித்தான் உக்காந்துட்டாவ" என்று மட்டும் சொன்னாள். சர்க்கரை வியாதியில் கால் இழந்த தன் தமையனை அவள் நினைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து "ரெண்டு போடு" என்ற சொல் எங்கள் வீட்டில் எழவில்லை.

பூச்சிப் படலம் இப்படி அடங்கியபின் அவளுடைய சிரத்தை முழுவதும் கீரைப் படலத்தில் திரும்பிற்று. இதில் அவளை மிஞ்ச யாராலும் முடியாது. ஆனால் இங்கும் விதிவிலக்குகள் இருந்தன. நமக்குப் பத்தியமான பசலையும், அரைக்கீரை முதலான தண்டுக்கீரை வகைகளும், பீட்ரூட் இலையும் ஆக்ஸாலிக் அமிலம் மிகுந்தவை; அந்த அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது; ஆகையால் அவை அன்றாடத்துக்கு ஆகா. தண்ணீர் நிறைந்த வெள்ளை லெட்டூஸ் இலையால் தீங்கில்லை, பயனும் இல்லை. அவகாடோ விஷம். சீனக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் பாக்சோய் முதலிய இலைகளும், புல்வெளியில் மருந்து தெளிக்காத இடத்தில் பறித்த டாண்டிலியன் இலையும், துருவிய பூசணியும், கொஞ்சம் கொத்தமல்லியும் தினப்படிக்கு ஏற்றவை. கொல்லையில் அவள் வளர்த்திருந்த செம்பருத்தியின் பூவைப் பிள்ளையாருக்குச் சாத்திவிட்டு, மறுநாள் காலையில் அகத்தியருக்குக் கொடுப்பாள். வேறு எதைத் தொடாத நாளிலும் அந்தச் சிவப்புப் பூவை அது ஒரே தாவலில் கவ்விவிடும். நிர்மால்யம் என்பதால்தான் அவ்வளவு பக்தி என்பது ஆச்சியின் தீர்ப்பு. சிவப்பும் மஞ்சளும் அதன் கண்ணைக் கவரும் நிறங்கள் என்று பேரன் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னதை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாவது குளிர்காலம் வந்தபோதுதான் உண்மையான சோதனை வந்தது. தென்கோளத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்றும் குளிர் மாதங்கள். ஜூன் பிறந்ததும் அகத்தியர் கல்லின்மேல் ஏறுவதைக் குறைத்து, மறுகோடியில் இருந்த மரப்பட்டையின் கீழ்ப் புகுந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. பூச்சி எதிரே ஓடினாலும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். செம்பருத்தியும் செல்லவில்லை. பேரன் அழத் தொடங்கினான். ஆச்சி நெல்லையப்பருக்கு முடிந்துவைத்த காணிக்கைக் காசு மஞ்சள் துணியில் பூஜை அலமாரியில் ஏறிற்று. வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் அதன் மலத்தைச் சோதித்துப் புழுத்தொல்லை இல்லை என்று கண்டார். வாயைத் திறந்து பார்த்தார். தராசில் நிறுத்து 420 கிராம் என்று குறித்துக்கொண்டார். நோய் ஒன்றும் இல்லை, இது அதன் குளிர்கால உறக்கம் என்றார். உள்நாட்டுப் பாலையில் பகல் குறுகி இரவு உறையும் மாதங்களில் இந்த இனம் வளையிலோ பட்டைக்கடியிலோ முடங்கிக்கொண்டு வாரக்கணக்கில் உண்ணாமல் கிடக்கும். கூண்டுக்குள் விளக்கு எரிந்தாலும் ரத்தத்தில் உள்ள பஞ்சாங்கம் மாறாது. இந்தச் சமயத்தில் வற்புறுத்தி ஊட்டுவதுதான் அபாயம். தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மட்டும் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஆடி மாதத்தில் சந்நியாசிகள் ஓரிடத்திலேயே தங்கி சாதுர்மாஸ்ய விரதம் தொடங்குவது நம் வழக்கம் அல்லவா? முனிவரின் பெயருடைய ஜீவன் அதே மாதத்தில் ஓரிடத்தில் அமர்ந்து உபவாசம் இருந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது. அதை அவ்வாறு ஆச்சிக்கு விளக்கிச் சொன்னதில், வைத்தியரின் விளக்கத்தால் வராத சமாதானம் அவளுக்கு வந்தது. விரதம் இருப்பவரைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது மகாபாவம் என்று அவளே பேரனுக்கு உபதேசம் செய்தாள். ஞாயிறு தோறும் சமையலறைத் தராசில் ஒரு துண்டை விரித்து அதைக் கிடத்துவோம். அரைக்கண் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு அது மறுபடி உறங்கிவிடும். ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் காலையில் தானாகவே வெளிவந்து கல்லின்மேல் ஏறிப் படுத்திருந்தது. அத்தனை வார உபவாசத்துக்குப் பின் எடை 409 கிராம். குறைந்தது 11 கிராம்! ஏகாதசி தோறும் விரதம் இருந்து துவாதசியன்று இரட்டிப்பாகப் பாரணை செய்யும் மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாருக்கும் இந்தச் சித்தி கைகூடியதாகத் தெரியவில்லை.

அந்த வசந்தத்தில் பள்ளி விடுமுறைக்கு மகன் எங்கள் எல்லோரையும் வடமேற்கே மில்டூரா பக்கம் அழைத்துப் போனான். மெல்போர்னிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணம். போகப்போகப் பச்சை வற்றி, செம்மண்ணும் குட்டையான யூகலிப்டஸ் புதர்களுமாக பூமி மாறிற்று. மால்லி என்று அந்தப் பிரதேசத்துக்குப் பெயர்; மில்டூரா பக்கத்தில் வருஷம் முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 300 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. ஹாட்டா-குல்கைன் தேசியப் பூங்காவை நெருங்குகையில், சாலையோரத்து வேலிக்கம்பம் ஒன்றின் உச்சியில், வெயிலுக்கு முகம் கொடுத்து, கறுத்த தாடியோடு அமர்ந்திருந்தது ஓர் உருவம். "அகி!" என்று பேரன் கூவினான். வண்டி நின்றது. எங்கள் அகத்தியரைவிட மெலிந்த உடம்பு. வாலின் அடியில் கொழுப்பே இல்லை. ஆனால் தலையை அது ஆட்டிய ஆட்டத்தில் சக்கரவர்த்தியின் மிடுக்கு இருந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்ற சம்பந்தம் நம் நாட்டோடு நின்றுவிடவில்லை என்று நான் சொன்னதை, பழமொழி தெரிந்த ஆச்சி ஒருத்திதான் ரசித்தாள்.

இந்தப் பூமியில் இது எத்தனை வேளை உண்ணும் என்று நான் யோசித்தேன். காட்டில் திரியும் தாடி ஓணான்களின் இரைப்பையில் இருப்பதை, அவற்றுக்குத் தீங்கு நேராமல் வெளிக்கொணர்ந்து ஆராய்ந்த விஞ்ஞானிகளின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. மிகுதியாக இருந்தது எது தெரியுமா? ஈசல். மழை பெய்து புற்றுகள் திறந்து, சிறகு முளைத்த கறையான்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்படும் அந்தச் சில நேரங்களில் வயிறு கொண்ட மட்டும் தின்றுவிட்டு, மற்ற காலத்தில் கிடைத்த வண்டும் தழையும் விதையும் உண்டு அது காலம் தள்ளுகிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான பந்து உணர்ச்சியை என்னவென்று சொல்வது! கார்த்திகை மழையில் புற்றடியில் விளக்கு வைத்து, ஈசல் பிடித்து, சிறகு புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்ற பிள்ளைகளில் நானும் ஒருவன். பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், செம்புற்றில் எழுந்த ஈசலை மோரோடு சேர்த்துப் புளிங்கறியாக்கும் அந்நாட்டு உணவைப் புறநானூற்றில் குறித்திருக்கிறார். ராமபிரான் காலத்துப் பகையை மறந்து ஓணானும் நானும் ஒரே பந்தியில் உட்கார இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்தப் பந்தி வருஷத்தில் சில நாள்தான் நடக்கும். மழை வராத மாதங்களுக்காகவே அந்த உடம்பு அமைந்திருக்கிறது. கிடைத்தபோது கொழுப்பாகச் சேமித்து, கிடைக்காதபோது சிக்கனமாகச் செலவழிக்கும்படி வகுக்கப்பட்டிருக்கிறது. எப்போது எது எதிர்ப்பட்டாலும் தின்றுவிடு என்பது பாலை அதற்குக் கொடுத்த புத்தி. நாமோ பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து தினந்தோறும் மழை பெய்விக்கிறோம். அது போதும் என்று சொல்லாது. சொல்ல அதற்குத் தெரியாது. போதும் என்று சொல்லவேண்டியவர் டப்பாவைக் கையில் வைத்திருப்பவர்தான். பேரன் ஊர் திரும்பும் வழியிலேயே இதைத் தானாகக் கண்டுகொண்டான். கம்பத்தின்மேல் இருந்தது ஏன் அவ்வளவு ஒல்லி என்று கேட்டவன், சிறிது நேரம் கழித்து, "நம்ம அகிதான் குண்டு, தாத்தா" என்றான்.

அகத்தியருக்கு இப்போது ஆறு வயது நடக்கிறது. காலை ஏழு மணிக்கு விளக்கு; ஒன்பது மணிக்குக் கீரைத் தட்டு; புதனும் ஞாயிறும் மட்டும் பொடி தூவிய பூச்சி, அதுவும் எண்ணி ஐந்தாறு; செம்பருத்தி பூத்தால் பூ; ஆனி பிறந்தால் விரதம். பேரனுக்குப் பரீட்சை வந்துவிட்ட படியால் புதன்கிழமை உத்தியோகம் என்னைச் சேர்ந்தது. இந்த இனம் நல்ல பராமரிப்பில் பத்து வருஷம் அளவில் ஜீவிக்கும் என்கிறார்கள். என் வயதைக் கூட்டிப் பார்த்தால், எங்களில் யார் யாருக்குக் கடைசி வேளை இடப்போகிறோம் என்பது நிச்சயமில்லாத போட்டியாகத்தான் இருக்கிறது.

அயல்நாட்டில் குடியேறிய நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் இந்தப் பிராணியைக் கேட்டு அடம் பிடிப்பது இப்போது பெருகிவருகிறது. கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே: குஞ்சை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த வைத்தியர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், விளக்கையும் கல்லையும் ஒரு வாரம் முன்பே அமைத்து உஷ்ணத்தை அளந்து பாருங்கள், கிராம் கணக்குக் காட்டும் தராசு ஒன்றை வாங்கி வையுங்கள். வீட்டில் ஓர் ஆச்சி இருந்தால், அந்தத் தராசை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.